கிட் காருக்கு எந்த எஞ்சின்: பழைய 302-ஆ, புதிய கயோட்டியா?

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார். அறுபதுகளின் கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைப் போன்ற ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் மார்க் 4 ரோட்ஸ்டரை வீட்டு கராஜில் கட்டி முடித்து, இரண்டு கோடைக்காலம் ஓட்டிவிட்டேன். சேசிஸும் பாடியும் பெட்டிபெட்டியாக வந்து இறங்கிவிடும். எஞ்சினை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஷெவர்லே எல்எஸ்3-ஐ முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். கொடுக்கிற காசுக்கு நிறைவான எஞ்சின்தான். ஆனால் 1962-இல் கரோல் ஷெல்பி கோப்ராவில் வைத்தது ஃபோர்டு வி8. பானட்டைத் திறந்தால் ஷெவி தெரிவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

மிச்சம் இரண்டு, இரண்டுமே ஃபோர்டு வி8: 302 கன அங்குலக் கொள்ளளவால் பெயர்பெற்ற பழைய 302, புதிய கயோட்டி. ஃபோர்டின் 2011 மஸ்டாங் காருடன் அறிமுகமான 5 லிட்டர் கயோட்டி 412 குதிரைத்திறனில் தொடங்கியது. 2018-இல் 460-ஐ எட்டியது. நண்பர் அதைத்தான் வைத்திருக்கிறார். குளிர்காலக் காலையிலும் முதல் முறையிலேயே உயிர்பெறும். வேகத்தில் என் கார் அதன் அருகில்கூட வராது.

ஆனால் வீட்டில் கட்டிய காருக்குச் சர்வீஸ் நிலையம் கிடையாது. கட்டியவரே மெக்கானிக். என் முடிவு இதில்தான் நின்றது. கயோட்டியை ஓட வைக்கத் தனிக் கம்ப்யூட்டர், வயரிங் கட்டு, எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர், உயர் அழுத்த எரிபொருள் பம்ப் எல்லாம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் கார் திடீரென்று இழுவை குறைந்து தவழ்ந்தது. கனெக்டர் ஒன்றில் ஒரு பின் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். லேப்டாப்பும் கையுமாக அதைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வாரம் ஆனது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகள் நான்கு கொண்ட அகலமான எஞ்சின் என்பதால், அந்தக் குறுகிய இடத்தில் கை நுழைவதே பாடு.

நான் வாங்கியது, எண்பதுகளின் கடைசியில் வந்த மஸ்டாங் பிளாக்கை வைத்து ஒரு பட்டறை புதிதாகக் கட்டிப் பெட்டியில் அனுப்பிய 302. ஒரு கார்பரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். கேமின் மீது உருளைகள் உருளும் ரோலர் கேம் வகை என்பதால், தட்டையான அடிப்பகுதி கேமில் உரசும் பழைய தட்டை டாப்பெட் எஞ்சின்களைப் போலத் துத்தநாகம் மிகுந்த எண்ணெயைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதுவும் என்னைச் சோதிக்காமல் விடவில்லை. முதல் ஓட்டத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தாண்டியதும் கண்ணாடி அதிர்ந்து, பின்னால் வந்த கார் இரண்டாகத் தெரிந்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தேன். எஞ்சின் அதிராமல் சுழல, அதன் பின்முனையில் சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலிலும் முன்பக்க பேலன்சரிலும் சமநிலை எடை இருக்கும். 302-இல் அது 1981 வரை 28 அவுன்ஸ், அதன்பின் 50 அவுன்ஸ். என் எஞ்சின் 50 அவுன்ஸுக்கானது. தனியாக வாங்கிய ஃப்ளைவீலோ 28. கடைக்காரர் மாற்றி அனுப்பியிருந்தார். இரண்டு வார இறுதிகளும் முழங்கைவரை கிரீஸும் போயின. ஆனால் பழுதை என் கண்ணால் பார்த்தேன், என் கையால் சரிசெய்தேன். அந்த நடுக்கம் அதன்பின் திரும்பவே இல்லை.

நான் ஓட்டுவதெல்லாம் கடலோரச் சமவெளியில். உயரமான மலை ஊர்களில் காற்று மெலியும்போது கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை மாற்ற வேண்டிவரும். கயோட்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். அங்கே வசிப்பவருக்கு 302-ஐ இதே உறுதியோடு நான் சொல்ல மாட்டேன். மற்றவர்கள் 302-ஐயே வாங்குங்கள். பணம் கட்டும் முன், எத்தனை அவுன்ஸ் என்பதை மட்டும் பட்டறையிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஃப்ளைவீலையும் முன்பக்க பேலன்சரையும் அதைப் பார்த்தபிறகு ஆர்டர் செய்யலாம்.