2000 வாட்டா, 3000 வாட்டா? உப்புத் தண்ணீர் வீட்டுக்கு ஹீட்டர் காயில் வாங்கிய கதை

குலசேகரத்தில் இருக்கும் என் மச்சான் போன வாரம் போன் பண்ணி, "அத்தான், கீசர் வாங்கப் போறேன், 3000 வாட் எடுக்கவா, 2000 போதுமா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு கேள்விக்காக நான் கைக்காசைக் கரைத்தவன். முழுக் கதையும் சொல்லாமல் விடமாட்டேன் என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிப் பக்கம். கடல் கூப்பிடு தூரம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு போர் போட்டோம். அதுவும் பெயருக்குத்தான் நல்ல தண்ணீர். சோப்பு நுரைக்காது, சோற்றுப் பானையின் உள்விளிம்பில் வெள்ளையாய் ஒரு வளையம் விழும். மூத்த மகள் முதல் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் வெந்நீர்ப் பிரச்சினை தலை தூக்கியது. என் அம்மைக்கு விறகடுப்புதான் வேண்டும். பின்பக்கம் குட்டுவத்தை ஏற்றி, கொதும்பும் சிரட்டையும் போட்டு எரித்து, நொச்சியும் வேப்பிலையும் கொதித்த வேது தண்ணீரில் பெற்றவளைக் குளிப்பாட்ட வேண்டும். அதில் யாரும் குறுக்கே போகவில்லை. ஆனால் நாற்பது நாளைக்கு அப்புறம்? கைக்குழந்தையின் துணி, ராத்திரி கழுவல், ஆனி மாதச் சாரல் எல்லாவற்றுக்கும் குழாயைத் திருப்பினால் சுடுதண்ணீர் வந்தால் தேவலை என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள்.

அதுவரை எங்களிடம் இருந்தது 1500 வாட் ஹீட்டர் ராடு. அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 18 லிட்டர் வாளியை 27 டிகிரியிலிருந்து 42-க்குக் கொண்டுவர 1500 வாட்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை நிமிடம், 1000 வாட்டுக்கு 19 நிமிடம். ஆறு நிமிட லாபத்துக்கு 1500 வாங்குகிறவர்கள் பிளக்கைக் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர். சாதாரணச் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்குத்தான். எங்கள் வீட்டில் யாரோ, சரி, நான்தான், பெரிய பிளக்கை வெட்டிச் சின்னது மாட்டினேன். ஒரு மாதத்தில் சாக்கெட் பழுத்து, கருகிய வாடை வந்தது. குழந்தை தவழ ஆரம்பிக்கும் வீட்டில் ராடே வேண்டாம் என்று அன்றைக்கே பரணில் போட்டாயிற்று. கேஸ் கீசரையும் எடுத்த எடுப்பிலேயே தள்ளினோம். எங்கள் பாத்ரூமில் ஜன்னல் என்று சொல்வது ஒரு செங்கல் அகலம்தான், அதில் கார்பன் மோனாக்சைடோடு விளையாட முடியாது.

மிச்சம் இருந்தது இரண்டு: 3 லிட்டர் டேங்கோடு, தண்ணீர் ஓட ஓடச் சூடாக்கும் 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், அல்லது 15 லிட்டர் டேங்கில் தேக்கிவைத்துச் சூடாக்கும் 2000 வாட் ஸ்டோரேஜ் கீசர். கடைக்காரர் "3000 எடுங்க அண்ணாச்சி, பட்டென்று சூடாகும், விலையும் குறைவு" என்றார். எடுத்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் 3000 வாட் நன்றாகவே வேலை செய்யும், அதற்குக் காரணம் கீசர் இல்லை, நம்முடைய வானிலை. மாடித் தொட்டித் தண்ணீர் காலை ஆறு மணிக்கும் 27 டிகிரிக்கு அருகில் இருக்கும். குளிக்க 40 போதும். ஏற்ற வேண்டியது 13 டிகிரி மட்டும். அந்தக் கணக்கில் 3000 வாட் நிமிடத்துக்கு 3.3 லிட்டர் வெந்நீர் தரும். இதே கீசரை டெல்லி ஜனவரியில், 12 டிகிரித் தண்ணீரில் வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் வரும். அங்கே இருக்கிறவர்கள் திட்டுவதைக் கேட்டு நாம் பயப்பட வேண்டியதில்லை.

கரண்டு பில் விஷயத்தில் வாட்டைப் பார்த்து மிரளுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வாளி வெந்நீருக்கு 3000 வாட் எட்டு நிமிடம் ஓடும், 2000 வாட் பன்னிரண்டு நிமிடம் ஓடும். இரண்டிலும் 0.4 யூனிட்தான். தினம் ஒரு தடவை என்றால் இரண்டு மாத பில்லுக்கு 24 யூனிட். ஸ்டோரேஜை நாள் முழுக்க ஆன் செய்து வைத்தால் டேங்கின் சூடு கசிந்து கூடுதலாகப் போகும். குளித்துவிட்டு அணைக்கிற வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

என்ன குறை என்றால், முதலில் தெரிந்தது வோல்டேஜ். சாயங்காலம் எங்கள் தெருவில் 230-லிருந்து 190-க்கு இறங்கும். வோல்டேஜ் 17 சதவீதம் குறைந்தால் வாட்டும் 17 சதவீதம்தான் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, வர்க்கக் கணக்கில் (வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கிய கணக்கில்) குறையும். 3000 என்று எழுதியிருக்கும் காயில் 190 வோல்ட்டில் 2050 வாட்தான் தரும். இன்ஸ்டன்டில் அது நேராகத் தண்ணீரில் தெரியும்: குழாயைச் சிறுக்கச் சிறுக்கத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்டோரேஜில் இன்னும் ஐந்தாறு நிமிடம் காத்திருந்தால் அதே 50 டிகிரி வந்துவிடும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். என்னை முழுசாக மாற்றியது எட்டாவது மாதம் நடந்தது.

ஐந்தாம் மாதம் போல கீசருக்குள் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எள் வறுக்கும்போது வருமே, படபடவென்று, அப்படி. எங்கள் வீட்டில் "உள்ளே பல்லியா?" என்று கேட்டார்கள். எட்டாம் மாதம் ஒரு காலையில் சுவிட்சைப் போட்டதும் மொத்த வீட்டுக்கும் கரண்ட் போனது. கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டரை வைத்துப் பார்த்தான். காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 17.6 ஓம் காட்டியது, 3000 வாட்டுக்கு அதுதான் சரியான அளவு. ஆனால் முனைக்கும் பாடிக்கும் நடுவிலும் முள் அசைந்தது.

"உள்ள வெள்ளம் கேறியாச்சு அண்ணாச்சி." வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர்; காயிலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறான்.

கழற்றி, டேங்கை வெட்டியே காட்டினான். காயில் இருந்த இடத்தில் காயிலைக் காணோம். சுண்ணாம்புச் சூளையிலிருந்து எடுத்த சிப்பிபோல வெள்ளைக் கட்டி. திருப்புளியால் தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. அடியில் உறை கறுத்து, ஒரு வளைவில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். அந்த மாடலில் டேங்கும் காயிலும் ஒரே உருப்படி, பற்றவைத்தது. காயிலை மட்டும் மாற்ற முடியாது. டேங்க் வாங்கினால் புதுக் கீசரின் விலையில் பாதிக்கு மேல். உப்பு படிந்ததால் கெட்டதற்கு வாரன்டி இல்லை என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அன்று அந்தத் தம்பி கேட்ட கேள்விதான் இந்த அலசலுக்கே ஆணிவேர். "வாட்ட பாத்தியளே, காயிலோட நீளத்தப் பாத்தியளா?"

காயில் என்று நாம் சொல்வது வெளியே தெரியும் குழாயை. அதற்குள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி, அதற்கு மேல்தான் செம்போ நிக்கல் கலவையோ போட்ட உறை. கம்பியில் பிறக்கிற சூடு பொடி வழியாக, உறை வழியாகத் தண்ணீருக்குப் போயாக வேண்டும். 3000 வாட்டைக் கைக்கடக்கமான ஒரு சுருளில் அடைத்தால், உறையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் அதிக சூட்டைத் தள்ள வேண்டும். அப்போது உறையின் மேல்தோல், குழாயில் வருகிற தண்ணீரைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு ஏற ஏற வெளியே வந்து படியும் குணமுள்ளது. 60 டிகிரிக்கு மேல் அந்த வேகம் கூடும். ஆக, தண்ணீர் 40 டிகிரிதானே என்று நாம் இருக்கும்போதே, காயிலின் தோலில் சூளை எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு படலம் படிந்ததும் அது போர்வை மாதிரி. உள்சூடு வெளியேற வழியில்லை, கம்பி இன்னும் சூடாகிறது, இன்னும் படிகிறது. கடைசியில் உறை வெடிக்கிறது, தண்ணீர் பொடிக்குள் இறங்குகிறது, ஆர்சிசிபி விழுகிறது. ஆர்சிசிபி இல்லாத வீட்டில் என்ன விழும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் 2000 வாட் ஸ்டோரேஜுக்கு மாறினேன். அதில் சூடும் குறைவு, நான் வாங்கியதில் காயிலும் நீளம் அதிகம்; சுற்றிலும் 15 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. உப்பு படியாது என்று சொல்ல வரவில்லை. படியும். ஆனால் மெதுவாகப் படியும். அதைவிட முக்கியம், கழற்றி எடுத்துக் கழுவலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, டேங்கைக் காலி செய்து, அடியில் இருக்கும் ஃபிளாஞ்சின் (காயிலைத் தாங்கும் மூடித் தகட்டின்) போல்ட்டுகளைக் கழற்றினால் காயில் கையோடு இறங்கி வரும். முதல் தடவை இறங்கியபோது அதன் மேல் இட்லித் தட்டில் ஒட்டிய மாவுபோல ஒரு மெல்லிய வெள்ளைப் படலம், அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து முக்கிவைத்தேன். சோடாப் புட்டியைத் திறந்தது போல் பொங்கி, ஒரு மணி நேரத்தில் காயில் பளபளவென்று வந்துவிட்டது. அம்மை பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு? ரெண்டு உருண்டை புளிய வச்சுத் தேய்ச்சா போச்சு" என்றாள். குத்துவிளக்கு கணக்கில் அதுவும் தப்பில்லை, ஆனால் தேய்க்க வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் உப்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். கத்தி, கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. தண்ணீர் கசியாமல் இருக்க வைக்கும் பழைய கேஸ்கெட் வளையத்தையே திரும்பப் போடவும் கூடாது. ஒரு தடவை போட்டேன், ராத்திரி முழுக்கச் சொட்டியது.

அதே நேரம் பக்கத்தில் இருக்கும் மெக்னீசியம் ஆனோடு தண்டையும் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்து போவதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். எனக்கு ஒன்றரை வருடத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது, மாற்றினேன்.

இன்னொன்று, எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட். கடையிலிருந்து வரும்போது உச்சத்தில் வைத்திருந்தார்கள். நான் 50-க்கு இறக்கினேன். 15 லிட்டர் 50 டிகிரித் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 26 லிட்டர் கிடைக்கும், ஒருவருக்குத் தாராளம். மூன்று பேர் வரிசையாகக் குளிக்கிற வீட்டில் நடுவில் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்காகத் தினமும் ஒரு முணுமுணுப்பு கேட்கத்தான் செய்கிறது. இன்ஸ்டன்டில் அந்தத் தொல்லை கிடையாது, மறைக்கவில்லை.

ஸ்டோரேஜ் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது. டேங்க் உள்பூச்சு ஏழெட்டு வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு வயதிருக்கிறது, அனுபவம் இல்லை. காயில் ஒன்று, அதே காயில்தான் இன்றும் ஓடுகிறது. மீட்டரில் 26.5 ஓம், பாடிக்குக் கசிவு இல்லை. போன மாதம்தான் பார்த்தேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மச்சான், "அப்போ எனக்கும் 2000 ஸ்டோரேஜ்தானே அத்தான்?" என்றான்.

"உங்க கெணத்து வெள்ளத்துல சோப்பு நொரைக்குமா மக்கா?"

"நொரை போகவே ரெண்டு சொம்பு வேணும்."

குலசேகரம் தண்ணீர் அப்படித்தான். மாமியார் வீட்டில் நாங்கள் வாங்கிய அதே 1500 வாட் ராடு, ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது, ஒன்பது வருடமாக ஓடுகிறது. செம்மண் காவி லேசாக ஏறியிருக்கிறது, வெள்ளைப் பொருக்கு ஒரு பொட்டு இல்லை. என்னுடைய ராடு பரணுக்குப் போகும் முன்பே இரண்டு காயில் மாறிவிட்டது. அதனால் அவனை 3000 வாட் இன்ஸ்டன்டே எடுக்கச் சொன்னேன், 16 ஆம்பியர் பாயின்டும் நல்ல எர்த்தும் ஆர்சிசிபியும் இருந்தால். வாங்கும்போது டேங்கிலிருந்து காயில் தனியாகக் கழலுமா என்று கடைக்காரரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டானாம். அவர் கேட்டலாகைப் புரட்டிவிட்டு, "இதையெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்களே" என்றாராம்.