கன்னியர் மடத்து இன்ஃபர்மரியில் நர்ஸ் வேலை: சேரலாமா?

திருவாரூர்–நாகப்பட்டினம் சாலையிலிருந்து வயல் நடுவே உள்ளே போனால் ஒரு கன்னியர் மடம். வயதாகிப் படுக்கையில் விழுந்த சிஸ்டர்களை அங்கேயே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த இன்ஃபர்மரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பெயர் வேண்டாம். வேறு மடங்களில் வேலை பார்க்கும் தோழிகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனை வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்க்கவே நேரமிருக்காது. இங்கே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கலாம், குதிகாலும் இடுப்புக்குக் கீழேயும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கலாம், ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) கஞ்சி கொடுத்த பிறகு தலைப்பக்கத்தை அரை மணி நேரமாவது உயர்த்தி வைக்கலாம். படித்ததைப் படித்தபடி செய்ய எனக்கு வாய்த்த ஒரே இடம் இதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கரண்ட் போனபோது காற்று மெத்தை மோட்டாரெல்லாம் நின்றுவிட்டது. நடக்க முடிந்த சிஸ்டர்கள் எல்லோரும் முறைபோட்டு, டார்ச் வெளிச்சத்தில் என்னோடு நின்று புரட்டினார்கள். ஒருவருக்கும் படுக்கைப் புண் வரவில்லை.

நோயாளிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் ஓய்வுபெற்ற டீச்சர்கள். ஒருவர் பழைய மிட்வைஃப், ஊசியோடு போனால், “கையைக் கழுவினியாம்மா?” என்றுதான் ஆரம்பிப்பார். மறதி நோய் முற்றிய இன்னொருவருக்கு என்னையும் தெரியாது, சாப்பிட்டதும் தெரியாது. ஜெபமாலை மட்டும் ஒரு மணிகூடத் தவறாது. டிரெஸ்ஸிங் மாற்ற அந்த நேரத்தைத்தான் பிடிப்பேன், கையைத் தட்டிவிடமாட்டார்.

தவக்காலம் வந்தால்தான் எனக்குப் பயம். 59 வயது நிறைந்தவர்களுக்கு ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச்சாப்பாடு சாப்பிடும் நோன்பு) கடமையில்லை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. யார் கேட்கிறார்கள்? சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு இட்லித் தட்டைத் தள்ளிவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டும், நான் குளுக்கோஸோடு ஓட வேண்டும். (சமயபுரத்தாளுக்கு விரதம் இருக்கிற வீட்டில் பிறந்தவள் நான், எந்த வாயால் திட்டுவது?) கடைசியில் மதரிடம் பேசி, தட்டில் கை வைத்த பிறகுதான் மாத்திரை என்று வழக்கமாக்கினோம். அதற்கப்புறம் தொல்லை குறைந்தது.

இனி குறைகள். சம்பளம் தஞ்சாவூர், திருச்சி தனியார் மருத்துவமனைகளைவிடக் குறைவு. சாப்பாடும் அறையும் இலவசம் என்பதால் கையில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். பி.எஃப். பற்றிக் கேட்டால் “பார்க்கலாம்மா” என்பார்கள், கடைசிவரை பார்க்கவில்லை. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம் நெருங்கினால் லீவை மறந்துவிடலாம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களின் கால் கொப்புளங்களுக்கு வாசலில் மருந்து போடுவதும் நம் வேலையாகிவிடும். அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அதற்கு ஈடாக ஒரு நாள் ஓய்வு தந்திருக்கலாம்.

ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்த கையோடு இங்கே வராதீர்கள். வெண்டிலேட்டர் கிடையாது, ஐ.வி. லைன் போடுவதே அபூர்வம். மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிட்டு திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். பழக வேண்டிய வயதில் கை பழகாது. ஐ.சி.யு., கேஷுவல்டி எல்லாம் சில வருஷம் பார்த்து, அந்த ஓட்டம் போதும் என்று தோன்றினால் தாராளமாக வரலாம்.

சேருமுன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எழுத்தில் கேளுங்கள். வார லீவு எந்த நாள், இரவு டியூட்டியில் கூட இன்னொரு ஆள் உண்டா என்றும் கேளுங்கள். ‘சின்ன உடம்புதானே, தனியாகவே தூக்கிவிடலாம்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் இடுப்பு வலி அங்கே வந்ததுதான்.