பிசிஓஎஸ்ஸும் குடல் பாக்டீரியாவும்: கேப்ஸ்யூலா, நார்ச்சத்தா, மெட்ஃபார்மினா?

பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை கெட்டு மாதவிடாயும் கருமுட்டை வெளிவருவதும் ஒழுங்கற்றுப்போகும் சினைப்பைக் கோளாறு) உள்ள பெண்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதைப் படித்ததும் பலரும் தேடிப் போவது நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூலைத்தான். குடலை மாற்ற வேறு வழிகளும் உண்டு. என் வரிசையில் கேப்ஸ்யூல் முதலிடத்தில் இல்லை.

குடலுக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? 2012-இல் ட்ரெமெல்லன், பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். குடல் பாக்டீரியாவின் சமநிலை கெட்டால் குடல் சுவர் கசிகிறது. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு ரத்தத்துக்குள் போகிறது. உடலில் விடாத ஒரு மெல்லிய அழற்சி உண்டாகி, இன்சுலினின் வேலை மந்தமாகிறது. ஈடுகட்ட உடல் இன்னும் இன்சுலினைச் சுரக்க, அது சினைப்பையை ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தூண்டுகிறது. 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. பிசிஓஎஸ் பெண்களிடம் அதிகமாக இருந்த பாக்டீராய்ட்ஸ் வல்காட்டஸ் என்ற பாக்டீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் சினைப்பை சுழற்சி குலைந்தது, இன்சுலின் எதிர்ப்பும் வந்தது.

ஆனால் எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது. லெட்ரோசோல் என்ற மருந்தைக் கொடுத்து ஆண்ட்ரோஜனை ஏற்றிய எலிகளில் குடல் பாக்டீரியாவே மாறிவிட்டது. (பிசிஓஎஸ் பெண்களுக்குக் கருமுட்டை வெளிவர முதலில் தரப்படும் மாத்திரையும் இதே லெட்ரோசோல்தான். சில நாள் கொடுப்பதற்கும் வாரக்கணக்கில் விடாமல் கொடுப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்!) எது காரணம், எது விளைவு என்பது தீராத நிலையில், 'குடலைச் சரிசெய்தால் பிசிஓஎஸ் போய்விடும்' என்ற விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்.

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம்.

கேப்ஸ்யூலின் பக்கம் நல்ல சேதி கொஞ்சம் இருக்கிறது. பிசிஓஎஸ் பெண்களிடம் நடந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், வெறும் வயிற்று இன்சுலினும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சற்றே இறங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவை சிறிய குழுக்களிடம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மட்டும் நடந்தவை. பாக்டீரியா ரகமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. மாதவிடாய் ஒழுங்காகிறதா, கருமுட்டை வெளிவருகிறதா என்ற முக்கியமான கேள்விக்குத் தெளிவான பதில் அவற்றில் இல்லை. இன்னொன்று: விழுங்கிய பாக்டீரியா எல்லோர் குடலிலும் தங்குவதில்லை. சிலருக்குத் தங்குகிறது, சிலரின் குடல் அதை அப்படியே வெளியேற்றிவிடுகிறது என்று 2018-இல் ஓர் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது.

நார்ச்சத்து புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடுகிறது. அவை நாரை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட் குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். பசியையும் ரத்தச் சர்க்கரையையும் அடக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரப்பையும் இதே அமிலங்கள் தூண்டும். மேலே சொன்ன 'கசிவு' விளக்கம் சரியென்றால், சிக்கலின் வேரில் கைவைப்பது இதுதான். அது தவறாகவே இருந்தாலும் நார்ச்சத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறும் நிறையும். இந்த இரட்டைப் பாதுகாப்புக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன். குறையும் உண்டு. 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆரோக்கியமானவர்களிடம் பத்து வாரம் செய்த சோதனையில், பாக்டீரியா வகைகளைக் கூட்டியது தயிர் போன்ற நொதித்த உணவுதான், நார்ச்சத்து மிகுந்த உணவு அல்ல. ஆக, இரண்டையும் தட்டில் வைப்பதே உத்தமம். நாரை மட்டும் படிப்படியாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிற்று உப்புசம் படுத்தும்.

நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை யாரும் 'குடல் மருந்து' என்று விற்பதில்லை. ஆனால் அதன் வேலையில் ஒரு பங்கு குடலில்தான் நடக்கிறது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், மெட்ஃபார்மின் சாப்பிட்ட நீரிழிவு நோயாளிகளின் மலத்திலிருந்த பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றினார்கள். எலிகளின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டது. அதோடு, இந்த மூன்றில் பிசிஓஎஸ்ஸில் நெடுநாள் பழகிய மருந்து இதுதான். 2023-இன் சர்வதேச வழிகாட்டுதலும் வளர்சிதைச் சிக்கல்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. விலையாகக் குமட்டல், வயிற்றுப்போக்கு. குறைந்த அளவில் தொடங்கி உணவோடு எடுத்தால் பெரும்பாலும் தணியும். நெடுநாள் எடுத்தால் பி12 அளவைப் பார்க்கவேண்டும். மருத்துவர் எழுதித் தராமல் தொடங்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மல மாற்று சிகிச்சை (ஆரோக்கியமானவரின் மலத்திலிருக்கும் பாக்டீரியாவை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது)? எலிகளில் பலன் தெரிந்தது, அவ்வளவுதான். பிசிஓஎஸ்ஸுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. 2019-இல் வேறு நோய்க்காக இதைப் பெற்ற ஒருவர், மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றி இறந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. வீட்டில் முயலும் விஷயமே இல்லை.

ஆகவே என் வரிசை: உணவு எல்லோருக்கும், இன்சுலின் எதிர்ப்போ அதிக எடையோ இருந்தால் மருத்துவரிடம் மெட்ஃபார்மின் பற்றிப் பேச்சு, அப்புறமும் விருப்பமிருந்தால் கேப்ஸ்யூல். அதையும் கர்ப்பத் திட்டமோ நோயெதிர்ப்புக் குறைபாடோ இருந்தால் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். மூன்று மாதம் எடுத்த பிறகு மாதவிடாய்த் தேதிகளையும் வெறும் வயிற்று இன்சுலினையும் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் அடுத்த டப்பா வாங்கவேண்டாம்.