ப்ளைவுட் அடித்தளத்தையே தரையாக்க வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன்: எப்படி இருக்கு?
கார்ப்பெட்ட எடுத்ததும் கீழ இருந்த ப்ளைவுட்டையே தரையா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணி இந்த வாட்டர் பேஸ்டு பாலியூரித்தேன (மரத்து மேல அடிக்கிற, வார்னிஷ் மாதிரி தெளிவான பூச்சு) அடிச்சோம், ரொம்பவே பிடிச்சிருக்கு. ஆயில் பேஸ்டு மாதிரி மஞ்சளாகல, வாடையும் கம்மி, மரத்தோட ரேகை அப்படியே தெளிவா தெரியுது.

ஆனா டப்பாவ திறக்குறதுக்கு முன்னாடி இருக்கிற வேலைதான் பெருசு, துருத்திக்கிட்டு இருக்கிற ஸ்டேப்பிள், ஆணி எல்லாம் புடுங்கணும், கிரீச்சுன்னு சத்தம் வர்ற இடத்துல கீழ இருக்கிற சட்டத்துல பிடிக்கிற மாதிரி ஸ்க்ரூ போட்டு தலைய உள்ள இறக்கி வுட் பட்டி வச்சு அடைக்கணும், அப்புறம் 80, 120 நம்பர் சாண்ட் பேப்பர்னு வரிசையா தேய்க்கணும். ரொம்ப அழுத்தி தேய்ச்சுடாதீங்க ப்ளீஸ், ப்ளைவுட்டோட மேல் லேயர் மெல்லிசு, அது போச்சுன்னா அடுத்த லேயர் ரேகை குறுக்கால தெரியும், மறைக்கவே முடியாது.

முதல் கோட்டுக்கு அப்புறம் சொரசொரன்னு இருக்கும், அது இயல்புதான், 220 பேப்பர்ல லேசா தேய்ச்சுட்டு மொத்தம் 3 கோட்டாவது போடுங்க. ப்ளைவுட்டுக்கு பதிலா ஓஎஸ்பி போர்டுன்னா (மரச்சீவல ஒட்டி அழுத்தி செஞ்ச பலகை) முதல் கோட்ட அப்படியே குடிச்சிடும், கூடுதலா வாங்கிக்கோங்க.

ஷீட் சேர்ற இடத்துல தண்ணி நின்னா ஓரம் உப்பிடும், அதனால பாத்ரூமுக்கு வேண்டாம். பெட்ரூமுக்கு தாராளமா போடலாம், ஆனா காஞ்ச உடனே கனமான சாமான இழுத்து வைக்காதீங்க, முழுசா இறுக ஒரு வாரமாவது விடுங்க.