ஸ்டே டவரா, நாலுகால் டவரா: கரிசல் காட்டில் ஒரு வானொலி நிலையம் எடுத்த முடிவு

எங்கள் அறக்கட்டளை சமுதாய வானொலிக்கு அனுமதி வாங்கி, டவரும் நட்டு, ஒலிபரப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இதே வேலையில் இறங்கிய நாலைந்து பேர் போன் பண்ணிவிட்டார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். மெல்லிசாக ஒரு மாஸ்ட்டை, அதாவது ஒற்றைக் கம்பத்தை நிறுத்தி மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டுவதா, இல்லை நாலு காலில் தானாக நிற்கிற டவர் போடுவதா? நாங்கள் போட்டது நாலுகால். ஏன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம்.

நான் பேசுவது பண்பலையைப் பற்றி மட்டும். மத்திய அரசின் சமுதாய வானொலி விதிப்படி ஆண்டெனா தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 15 மீட்டருக்குக் கீழே வரவும் கூடாது. வெளியே போகும் திறன் அதிகபட்சம் 100 வாட். ஆக, யார் வைத்தாலும் அதிகபட்சம் ஏறக்குறைய நூறடி உயரம். மீடியம் வேவ் சமாச்சாரமே வேறு. அங்கே டவர்தான் ஆண்டெனா. தூத்துக்குடி வானொலி ஒலிபரப்பும் 1053 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 285 மீட்டர், டவரும் அதற்கேற்ற உயரம் வேண்டும். டவர் அடியைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக் கம்பிகளை வேர் மாதிரிப் பரப்ப வேண்டும். எப்படியும் ஏக்கர் கணக்கில் இடம் வாங்கியாக வேண்டும் என்பதால் அங்கே ஸ்டே கட்டுவதில் சங்கடமே இல்லை.

விலையை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் போட்டியே கிடையாது. எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் ஸ்டே மாஸ்ட்டின் இரும்பு 600 கிலோ சொச்சம், நாலுகால் டவர் 3 டன். அஸ்திவாரத்தையும் சேர்த்தால் நாலுகாலுக்கு இரண்டரை மடங்கு செலவு. சிக்னலைப் பொறுத்தவரை, உச்சியில் ஒரு குழாய் நட்டு அதில் ஆண்டெனாவை மாட்டினால் இரண்டும் ஒன்றுதான், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏறி வேலை பார்க்க நாலுகால் வசதி. மூன்றாவதாக, பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு குழாயை நட்டால் என்ன என்று கேட்பார்கள். கட்டடம் உங்களுடையதாக இருந்து, தளம் தாங்கும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் செய்யுங்கள். உயரத்தைத் தரையிலிருந்துதான் கணக்குப் பண்ணுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் ஊரில் மாடிக் கட்டடமே இரண்டுதான், இரண்டும் அரசாங்கத்துடையவை. அந்தப் பேச்சு அன்றோடு போயிற்று.

இனி நிலம். என் கட்சி முழுக்க இதில்தான் நிற்கிறது.

ஸ்டே டவர் என்றால் 600 கிலோ இரும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது சுற்றியிருக்கும் நிலத்தையும் சேர்த்துத்தான் என்பது விண்ணப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. 30 மீட்டர் மாஸ்ட்டுக்கு ஆங்கர் குழிகள், அதாவது ஸ்டே கம்பியின் நுனியைத் தரையில் பிடித்துவைக்கும் குழிகள், 21 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று டவர்காரர் வரைந்திருந்தார், அதாவது உயரத்தில் 70 சதவீதம். மூன்று ஆங்கர்களையும் கோடு போட்டு இணைத்தால் உள்ளே வரும் முக்கோணம் 14 சென்ட்தான். ஆனால் யாரும் நிலத்தை முக்கோணமாக வெட்டித் தரமாட்டார்கள். வேலி போட்டுக் கணக்குப் பார்த்தால் 37 மீட்டருக்கு 32 மீட்டர், அதாவது 29 சென்ட். நாலுகால் டவருக்குக் கால்களுக்கு நடுவே மூன்றரை மீட்டர். வேலியோடு 8க்கு 8 எடுத்தாலும் ஒன்றரை சென்ட்டில் முடிந்துவிடுகிறது.

எங்களிடம் இருந்தது 40 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 22 சென்ட் பிஞ்சை. வெள்ளைத் தாளில் வட்டம் போட்டு அழகாகத்தான் கொடுத்திருந்தார் டவர்காரர். அதை எஃப்.எம்.பி. என்கிற சர்வே வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊராட்சியில் மனு கொடுப்பதற்கு முதல்நாள், சந்தேகத்துக்கு ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று 21 மீட்டர் கயிறும் மூன்று முளைக்குச்சியுமாகப் போனோம். நீளவாக்கில் இரண்டு முளை எங்கள் இடத்துக்குள்ளேயே இறங்கின. மூன்றாவதற்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எங்கள் எல்லைக் கல்லைத் தாண்டி, நாலு மீட்டர் வண்டிப்பாதையையும் தாண்டி, பக்கத்துக் காட்டுக்குள் ஐந்தரை மீட்டர் போய்த்தான் நின்றது. மக்காச்சோளம் முளைத்து முழங்கால் உயரம் வந்திருந்தது. காட்டுக்கார அண்ணாச்சி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, டவர் உங்க காட்டுல, கம்பி எங்க காட்டுலயா?” என்றார்.

கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இடம் தருவதில் அவருக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அது கூட்டுப்பட்டா. தம்பி ஒருவர் திருப்பூரில், இன்னொருவர் சிங்கப்பூரில், காலமான அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். ஐந்தரை மீட்டரில் ஒரு குழி தோண்ட ஆறு கையெழுத்து. அதையும் வாங்கிவிடலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கிடக்கும் வண்டிப்பாதையை என்ன செய்வது? கீழ்வரிசை ஸ்டே மாஸ்ட்டில் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. கணக்குப் போட்டால் பாதைக்கு நேர் மேலே அது 3.6 மீட்டரில் போகும், ஆங்கர் பக்கத்து ஓரத்தில் 2.6 மீட்டர்தான். சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் அந்த வழியாகத்தான் வரும். அறுவடை மெஷினும் அதே வழிதான். பொதுப்பாதைக்குக் குறுக்கே தலையில் இடிக்கிற மாதிரி கம்பி கட்ட எந்த ஊராட்சி சம்மதிக்கும்? சம்மதிக்கவும் கூடாது.

ஆங்கரை உள்ளே இழுத்து வைத்தால் போயிற்று என்றார் டவர்காரர். 14 மீட்டருக்கு இழுத்தால் எங்கள் இடத்துக்குள் அடங்கும்தான். ஆனால் கம்பி செங்குத்தாகிவிடுகிறது. அதே காற்றுக்கு மேல்வரிசைக் கம்பியின் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அந்தக் கம்பி மாஸ்ட்டைக் கீழே அமுக்குகிற விசை ஒன்றரை மடங்காகிறது. மாஸ்ட்டைத் தடிப்பாக்க வேண்டும், கம்பியைத் தடிப்பாக்க வேண்டும், குழியைப் பெரிதாக்க வேண்டும். மலிவு என்று எதைத் தேடிப் போனோமோ அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. டில்லியில் கேட்கிற காகிதங்களில் இந்தப் பிரச்சினை எங்குமே தலைகாட்டாது. டவர் நிற்கும் இடத்துக்கு மத்திய அரசின் சாக்ஃபா குழு தரும் அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறோம். விமானத்துக்கு இடைஞ்சலா, மற்ற வயர்லெஸ்ஸுக்கு இடைஞ்சலா என்பதுதான் அவர்கள் கவலை. டவரின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் போதும், ஆங்கர் எந்த சர்வே எண்ணில் விழுகிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. (ரேகைக் கணக்கைப் போடும்போது ஜாக்கிரதை. ஒரு விநாடி, அதாவது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு, பிசகினால் தரையில் 30 மீட்டர் நகர்ந்துவிடும். எங்கள் முதல் விண்ணப்பத்தில் டவர் கண்மாய்க்குள் நின்றது.) இடத்துக்கு அனுமதி கொடுத்த பிறகு டவரை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டும். அதனால் நிலச் சிக்கலை ஊரிலேயே, மனு போடுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது. எங்கள் ஊராட்சியில் கேட்டவை பட்டா, எஃப்.எம்.பி. நகல், பொறியாளரின் உறுதிச் சான்று. கூட்டத்தில் ஒரு பெரியவர், “விழுந்தா எந்தப் பக்கம்யா விழும்?” என்றார். காகிதத்தில் இல்லாத கேள்வி, ஆனால் சரியான கேள்வி. 30 மீட்டர் வட்டத்துக்குள் வீடோ மின்கம்பியோ இல்லை என்று அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நடந்து காட்டினோம். பாதை மட்டும் வட்டத்துக்குள் வரத்தான் செய்தது, அதையும் மறைக்கவில்லை.

நிலம் அனுமதியோடு முடிகிற விஷயமும் இல்லை. ஸ்டே டவர் நிற்கிற காலமெல்லாம் அந்த 29 சென்ட்டையும் காவல் காக்க வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் கரிசலில் ஸ்டே டவர் வைத்திருந்த ஒரு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தோம். டெக்னீஷியன் மூன்று கம்பிகளையும் கையால் ஆட்டிக் காட்டினார். இரண்டு விறைப்பாக இருந்தன, ஒன்று கொடிக்கயிறு மாதிரித் தொளதொளத்தது. சித்திரையில் கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, ஐப்பசி மழையில் ஊதிப் புடைக்கிறது, ஆங்கரும் அதனோடு சேர்ந்து நகர்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கி, தூக்குக்குண்டு விட்டு மாஸ்ட் நேராக நிற்கிறதா என்று பார்க்கிறார்களாம். வேலி சரிந்த இடத்தில் கிடை ஆடுகள் உள்ளே நின்றன, கம்பியில் ஒரு கிடாய் கட்டியிருந்தது. அப்புறம் அவரே ஒரு மண்வெட்டியை எடுத்து ஆங்கர் கம்பி மண்ணுக்குள் இறங்கும் இடத்தை ஒரு அடி தோண்டினார். மேலே துத்தநாகப் பூச்சு பளபளவென்று இருந்தது. அரையடிக்குக் கீழே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கட்டை விரல் கனத்துக்குப் போட்ட கம்பி, செதில் போக மிஞ்சியது சுண்டு விரல் கனம்கூட இல்லை. அதுவரை யாரும் தோண்டிப் பார்த்ததில்லை என்றார். ஊர் திரும்பும் வழியில் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

நாலுகாலுக்கும் கரிசல் சும்மா விடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலாக அஸ்திவாரம் போட்டால் ஒரு கால் தூக்கி ஒரு கால் இறங்கி டவர் சாயும். நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், இறக்கினோம். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத ஆழம் வரை, மூன்றரை மீட்டர். காற்று தள்ளும்போது ஒரு பக்கத்துக் கால்கள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும், அந்தக் குமிழ்தான் பிடித்துக்கொள்கிறது. ஆங்கருக்கும் இதே பைலைப் போடலாமே என்று கேட்டால், போடலாம், நகருவது நிற்கும். ஆனால் பைல் மெஷினை மூன்று மூலைக்கும் நகர்த்த வேண்டும், செலவில் பாதி வித்தியாசம் அங்கேயே போய்விடும், 29 சென்ட் 29 சென்ட்டாகவே இருக்கும்.

சமுதாய வானொலிக்கு வருமானம் என்ன என்பதையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாகவும், 10 விநாடிக்கான அரசு விளம்பரக் கட்டணத்தை 74 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் விளம்பரம் வந்தால்தானே. முதலில் ஒரு தடவை பெரிய தொகைக்கு நன்கொடை கேட்பது கஷ்டம், கேட்டால் கிடைக்கும். வருடா வருடம் ஸ்டே முறுக்க, வேலி கட்ட, கருவேலம் வெட்ட என்று காசு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். எங்கள் டவருக்கு இதுவரை ஆன பராமரிப்பு போல்ட் முறுக்கியதும், வெல்டு பட்ட இரண்டு இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் அடித்ததும், இடிதாங்கியின் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியதும்தான்.

மூன்று வருடம் ஒரு டவருக்குப் பெரிய வயதில்லை என்பது எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் பெருங்காற்று எதையும் இதுவரை அது பார்க்கவில்லை. மதுரைப் பக்கம் டவர் கணக்குக்கு எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், சென்னையில் 50. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல் தாங்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் என் எடைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புக்காற்றில் நூற்றுக்கணக்கான போல்ட் உள்ள நாலுகாலுக்கும் துரு சேரும். நான் கடலோரத்தில் டவர் வைத்ததில்லை, அங்கே வைத்தவர்களைக் கேளுங்கள்.

ஸ்டே டவரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனிப்பட்டாவில் சதுரமாக அரை ஏக்கர், செம்மண்ணோ சரளையோ, குறுக்கே பாதை இல்லை, உள்ளே உழவும் இல்லை என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். வளாகம் பெரிதாக உள்ள கல்லூரிகளுக்கு அது நன்றாகவே பொருந்தும், அவர்களுடைய டவர் எப்படியும் வளாகத்துக்குள்தான் நிற்க வேண்டும். அப்படி வைப்பவர்கள் ஆங்கரின் தலையைத் தரைக்கு மேலே கான்கிரீட்டில் ஒரு அடி தூக்கி வைக்கச் சொல்லுங்கள், கம்பி மண்ணைத் தொடாமல் இருக்கட்டும். விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்னால் கயிறும் முளையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்வாருங்கள், பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணாச்சி இந்த வருடமும் மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறார். எங்கள் 22 சென்ட்டில் வேலிக்கு வெளியே மிச்சமிருந்த 20 சென்ட்டையும் அவரே குத்தகைக்கு எடுத்து உளுந்து விதைத்துவிட்டார்.