நாய் உணவு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: தேதியை அழித்து விற்ற மூட்டை, போனது 12,400 ரூபாய்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள், தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள். இரண்டு மூட்டை நாய் உணவுக்கு 12,400 ரூபாய் கொடுத்தேன். காலாவதியான சரக்கைத் தேதி மாற்றி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பணம் போனது ஒரு பக்கம். அதைத் தின்ற எங்கள் பொன்னி, நான்கு வயது லாப்ரடார், கல்லீரல் கெட்டு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். நல்ல உணவை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போதே கை நடுங்குகிறது.

கடையின் பெயரை இப்போது போட வேண்டாம், புகார் நடக்கும்போது இடைஞ்சல் ஆகும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அதனால் போடவில்லை. மெயின் ரோட்டுப் பெட் ஷாப். வாசலில் மீன் தொட்டி, உள்ளே லவ் பேர்ட்ஸ் கூண்டு, சுவர் முழுக்க மூட்டை. கழுத்துப் பட்டை, ஷாம்பு, உண்ணி மருந்து எல்லாம் அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தோம். எதிலும் குறை வந்ததில்லை. முன்பின் தெரியாத ஆன்லைன் கடையில் ஏமாந்திருந்தால்கூட இவ்வளவு வயிறெரிந்திருக்காது.

பொன்னிக்கு முடி கொட்டுகிறது, கொஞ்சம் தரமான உணவுக்கு மாற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளையும் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், விலா எலும்பைத் தடவிப் பார்த்தார். "பாப்பா முப்பது கிலோ இருப்பாங்களாக்கா?" என்று கேட்டார். சரியாகச் சொன்னார். ஒரு துண்டுச் சீட்டில் காலை இவ்வளவு கிராம், ராத்திரி இவ்வளவு கிராம், முதல் வாரம் பழைய உணவோடு கலந்து கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கூட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்த யோசனை சரியானதுதான். எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். இவ்வளவு தெரிந்த மனிதர், நாய் மேல் இவ்வளவு பாசமாக இருக்கிறார் என்று மனசு நிறைந்துபோனது. அந்தச் சீட்டு இன்னும் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பற்றி எரிகிறது.

வெளிநாட்டுத் தயாரிப்பு, 12 கிலோ மூட்டை, அச்சிட்ட விலை 7,800. "புது ஸ்டாக் வந்தா ரேட்டு ஏறிடும்க்கா. பழைய ரேட்ல ரெண்டே ரெண்டு மூட்டைதான் இருக்கு. உங்களுக்குன்னா 6,200 போட்டுத் தர்றேன்" என்றார். தேதி பார்த்தேன். பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை நான். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. பில் கேட்டேன். "சிஸ்டம் ஹேங் ஆகுது, சாயங்காலம் வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்றார். ஜிபேயில் 12,400 ரூபாய் போட்டேன். மூட்டையைப் பையனே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். பில் இன்றுவரை வரவில்லை.

மூட்டையின் மேல்பகுதி உணவு இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. பாதி மூட்டைக்கு வரும்போதுதான் பொன்னி தட்டை முகர்ந்துவிட்டு நகர ஆரம்பித்தாள். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த இனம் சாப்பாட்டை விட்டு நகர்ந்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். அப்புறம் மஞ்சளாக வாந்தி, பேதி. கண் வெள்ளையும் ஈறும் மஞ்சள் பூத்துவிட்டன. ரத்தம் எடுத்துப் பார்த்தால், கல்லீரல் கெட்டதைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும் பிலிருபினும் எக்கச்சக்கம். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூட்டையை விரித்த செய்தித்தாளில் கவிழ்த்தேன். பழைய எண்ணெயின் சிக்கு வாடை மூக்கில் அடித்தது. அடியில் இருந்தவை உருண்டை உருண்டையாக ஒட்டிக் கட்டியாகியிருந்தன. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல் பச்சையாகப் பூஞ்சணம், நடுவில் நூல் கட்டிய மாதிரி புழுக்கூடு. இதைத்தான் என் கையால் அள்ளி அள்ளி அவள் தட்டில் போட்டிருக்கிறேன். கடைக்காரர் செய்த காரியம் என் கையால் அவள் வாய்க்குப் போயிருக்கிறது.

இரண்டாவது மூட்டை பிரிக்காமல் இருந்தது. வீட்டுக்காரர் அதைத் திருப்பிப் போட்டு, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துத் தேதியைப் பார்த்தார். தொழிற்சாலையில் இயந்திரம் அடிக்கும் தேதி பெரும்பாலும் புள்ளி புள்ளியாக இருக்கும். இது ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி வழவழவென்று கோடாக இருந்தது. சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மூட்டையின் பளபளப்பே போய் மங்கியிருந்தது, தின்னர் போட்டுத் துடைத்த மாதிரி. அந்த மங்கலுக்குள் பழைய எண்கள் இரண்டின் நிழல் தெரிந்தது. தேதியை அழித்தவர்கள் மூட்டையின் பக்கவாட்டு மடிப்பில் இருந்த பேட்ச் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அழிக்க மறந்துவிட்டார்கள். இறக்குமதியாளரின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னோம். அந்த பேட்ச் எட்டு மாதத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்றார்கள்.

எட்டு மாதம். 12,400 ரூபாய் வாங்கிக்கொண்டு குப்பையில் போட வேண்டியதை விற்றிருக்கிறார்.

டாக்டர் சொன்னதையும் சொல்கிறேன். மக்காச்சோளம், நிலக்கடலை போன்றவற்றில் ஒரு வகைப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற விஷம் உண்டாகும். அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் போகாது. ஆய்வகத்தில் பரிசோதிக்காமல் இதனால்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், ஆனால் சந்தேகம் அதன் மேல்தான் என்றார். 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே விஷம் இருந்த நாய் உணவு பற்றி எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதத்துக்குள் அந்த உணவைத் தின்று 70க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. அங்கே யார் என்ன விற்றார்கள் என்று கண்டுபிடித்துச் சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வைத்தார்கள். இங்கே நாம் யாரிடம் போவது?

கடைக்குப் போனோம். முதல் பதில்: "வெயில்ல வச்சிருப்பீங்க." வீட்டுக்குள் மூடி போட்ட டிரம்மில் மூட்டையோடு வைத்திருந்தோம் என்றேன். "லாப் இனத்துக்கே வயிறு வீக்குக்கா, வெளியில எதையாவது தின்னிருக்கும்." போட்டோவைக் காட்டினேன். "அது பூஞ்சணம் இல்லக்கா, சிக்கன் பவுடர்." பிரிக்காத மூட்டையின் தேதியைக் காட்டினதும் முகம் மாறியது. "எங்களுக்கு வந்ததே இப்படித்தான், டிஸ்ட்ரிபியூட்டரைக் கேளுங்க." டிஸ்ட்ரிபியூட்டர் நம்பர் கொடுங்கள் என்றால், முதலாளிக்குத்தான் தெரியும், அவர் ஊருக்குப் போயிருக்கிறார். பொன்னியின் பல்லைப் பார்த்து எடை சொன்ன அதே மனிதர், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் என் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். மகன் நம்பரிலிருந்து அடித்தால் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்தார்கள். கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு நடந்ததை எழுதினேன். அன்று ராத்திரியே முதலாளி கூப்பிட்டார். "ஒரு மூட்டை மாத்தித் தர்றோம் மேடம், நீங்க அந்த ரிவ்யூவை மட்டும் எடுத்துடுங்க." எனக்கு மூட்டை வேண்டாம், 12,400 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், வைத்தியச் செலவுக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். "பில் இருக்கா மேடம்?" என்றார். கொடுக்காத பில்லை என்னிடமே கேட்கிறார்! இறக்குமதி நிறுவனமும் அதையேதான் சொன்னது: அந்தக் கடை எங்கள் அதிகாரபூர்வ விற்பனையாளர் இல்லை, பில் இல்லாமல் நாங்கள் எதுவும் செய்ய முடியாது.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போன் செய்தேன். அங்கே பேசியவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, இது எங்கள் வரம்பில் வராதும்மா என்றார். உண்மைதான். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்பதற்கு மட்டும்தான். உணவு என்பதற்கான விளக்கத்திலேயே கால்நடைத் தீவனத்தை வெளியே தள்ளிவிட்டார்கள். கெட்டுப்போன பிரியாணிக்கு ரெய்டு வருகிறது. நாய்க்குப் பூஞ்சணத்தை விற்றால் அந்தச் சட்டத்தில் கேட்க ஆளில்லை.

ஆனால் வழியே இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், கடைக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள் நாய் உணவுக்கும் பொருந்தும். நம் மாநிலத்தில் அதைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு பார்க்கிறது. அங்கே எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தாயிற்று. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சியாக நிற்கும் என்று வக்கீல் சொல்கிறார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, கோழித் தீவனத்தில் அஃப்ளடாக்சினைப் பரிசோதித்துப் பழக்கப்பட்டவர்கள். பிரித்த மூட்டையின் மாதிரியை அங்கே அனுப்பியிருக்கிறோம். பிரிக்காத மூட்டை அப்படியே சீலோடு அலமாரியில் பூட்டியிருக்கிறது. அதை யார் வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

தேதியை விரலால் தடவிப் பாருங்கள், வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வேறு வேறு மாதிரி அச்சு, மங்கல், தேதி மேல் ஸ்டிக்கர் என்று எது இருந்தாலும் வாங்காதீர்கள். பேட்ச் எண்ணைக் கடையில் நின்றபடியே நிறுவனத்துக்குப் போன் செய்து கேளுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, போன் எண் எல்லாம் மூட்டையில் இருந்தாக வேண்டும். பில் கையில் வராமல் பணம் போடாதீர்கள், "சாயங்காலம் அனுப்பறேன்" என்றால் சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

டிரம்மில் கொட்டி லூஸில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். அது எந்த நிறுவனம், எந்தத் தேதி என்று யாராலும் சொல்ல முடியாது. காற்றுப் பட்டால் அதில் இருக்கும் கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். ஒரே நாய் இருக்கும் வீட்டில் பெரிய மூட்டை வேண்டாம், பிரித்தால் ஒன்றரை மாதத்துக்குள் தீர்கிற அளவாக வாங்குங்கள். தீர்கிறவரை மூட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், சாட்சி அதுதான்.

தரம் பார்க்க: மூலப்பொருட்களை எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். முதலில் சோளம், கோதுமை என்றால் விலைக்கு ஏற்ற சரக்கில்லை. சோளத்தையே மூன்று பெயரில் பிரித்துக் கீழே போட்டிருப்பார்கள், அதையும் கூட்டிப் பாருங்கள். ஈரப்பதம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம் புரதம் வேண்டும் என்பது அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ வைத்திருக்கும் அளவு. இதைப் பற்றி இன்னும் எழுத நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நாய் இரண்டு வேளை தொடர்ந்து தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் அடம் என்று நினைக்காமல் உடனே மூட்டையின் அடி வரை கொட்டிப் பாருங்கள். ஈறு மஞ்சளானால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இதே பகுதியில் இதே மாதிரி தேதி மாற்றிய மூட்டை வாங்கியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். பேட்ச் எண்ணும் பணம் போட்ட ரசீதும் போதும், மனுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நான்கைந்து பேர் சேர்ந்தால் "வெயிலில் வைத்தீர்கள்" என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆறு மணிக்கு அடுத்த டிரிப்ஸ். ராத்திரி வந்துதான் பதில் போடுவேன்.