அடிக்கிற அப்பாக்களுக்கான வகுப்பு: என் வீட்டுக்காரர் போய் வந்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் ஒரு ஆலோசனை மையத்தில், வீட்டில் கை நீட்டுகிற அப்பாக்களை ஞாயிறுதோறும் குழுவாக உட்கார வைத்துப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் போனார். குடிதான் காரணம் என்று நாங்கள் இருவருமே நம்பிக்கொண்டிருந்தோம், ஆனால் முதல் நாளே அவரிடம், "ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டினால் அடங்குகிற கை, வீட்டில் மட்டும் ஏன் ஓங்குகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவரிடம் பதில் இல்லை.

கோபம் ஏறினால் சொல்லிவிட்டு வெளியே நடந்துபோய், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும், இடையில் குடிக்கக் கூடாது. சரி, இதைக் கற்றுக்கொண்டார். ஆனால் பிள்ளை மனசு? வண்டி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டாலே என் பையன் நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிடுவான். "மன்னித்துவிட்டேன்னு சொல்லச் சொல்லி அவனை வற்புறுத்தாதீங்க, அவனே வரட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள் பாருங்கள், அதற்காகவே கும்பிடலாம். போன வாரம் அவனாகவே கணக்கு நோட்டை அப்பாவிடம் நீட்டினான், பாதி வாசலுக்கு வெளியே நின்றபடி.

பெரிய குறை ஒன்று உண்டு. முதல் இரண்டு மாதம் என்னிடம் யாருமே பேசவில்லை. வீட்டில் நடப்பதை மனைவியிடம் தனியாகக் கேட்காமல் அவர் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? நான் சண்டை போட்ட பிறகுதான் போன் செய்தார்கள். சேரும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வகுப்பு முடியட்டும் என்று அடி வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். உதவிக்குப் போன் செய்ய பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. கணவர் வகுப்புக்குப் போனாலும், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.